மணற்குன்றில் ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் கும்பகோணத்திலிருந்து அப்பா (68), அம்மா (62) வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை. பிள்ளைகளுக்கு ஆறும் பத்தும் வயது. எல்லாரும் சேர்ந்து பாலைவனத்தில் ஒரு நாள் இருக்க வேண்டும், ஆனால் யாரும் நொந்துபோகக் கூடாது. எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, ஷார்ஜா

பதில்: சூரியன் மறையும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை 5.40-ஐ ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். மறைவதற்கு முந்திய ஒன்றரை மணி நேரம்தான் மணலில் இருக்க வேண்டிய நேரம். வெயில் தணிந்திருக்கும், குன்றுகளின் நிழல் நீளும், மணலின் நிறமும் அப்போதுதான் தெரியும். விடியற்காலையில் கிளம்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்கால விடியலில் உள்நாட்டுச் சாலைகளில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாது.

உங்களுக்கு மிலைஹா என்ற பாலைவன ஊர்தான் சரி. ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பகல் ஒன்றரைக்குக் கிளம்பினால் இரண்டரைக்கு மிலைஹா தொல்லியல் மையத்தில் இருப்பீர்கள். மையத்தை ஒட்டியே நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான வட்டக் கல்லறை இருக்கிறது. பக்கத்திலுள்ள ஃபாயா பகுதியை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் விட உங்களுக்கு முக்கியம், அங்கே நல்ல கழிப்பறை உண்டு. மணலுக்குள் போனபின் அது கிடைக்காது. வயதானவர்கள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையில் தலைசுற்றுகிறது என்பார்கள். நாலு மணிக்குக் குன்றுகள் பக்கம் போங்கள். ஏழரைக்கு வண்டியைத் திருப்பினால் எட்டரைக்கு வீடு.

அம்மாவை மணற்சரிவில் நேராக ஏற விடாதீர்கள். குன்றுக்கு இரண்டு முகம். காற்று வீசும் பக்கம் சாய்வு குறைவு, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் செங்குத்து, ஓரடி வைத்தால் அரையடி கீழே சறுக்கும், முழங்காலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. சிறிய குன்றாகப் பார்த்து, காற்றுப் பக்கமாக, அலையலையாய் வரி விழுந்திருக்கும் மணலில் நடக்கச் சொல்லுங்கள். மடக்கு நாற்காலி கட்டாயம். ஆனால் அதன் கால்கள் மணலில் புதைந்து ஆளோடு சாய்ந்துவிடும். நாலு கால்களுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு போடுங்கள்.

அப்பா வெறுங்காலோடு மணலில் நடக்கக் கூடாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. மூடிய ஷூ, நீளக் காலுறை போதும். இன்சுலினை நிறுத்திவைத்த காரில் விட்டுப் போகாதீர்கள். டிசம்பரிலும் மூடிய கார் சூடேறும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வண்டியில் உபரியாக ஐந்து லிட்டர். சாப்பாட்டில் புளியோதரைக்கு நிகரில்லை, கெடாது. ஆனால் பெரிய தூக்கில் கொண்டுபோய்ப் பரிமாறாதீர்கள். மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுப்பதற்குள் மணல் விழுந்துவிடும். வீட்டிலேயே ஆளுக்கொரு டப்பாவில் போட்டுவிடுங்கள். காரைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில் பாய் விரியுங்கள். இருட்டியபின் சட்டென்று குளிரும். பகலில் 25 டிகிரி இருந்த இடம் இரவில் 13, 14-க்கு இறங்கும். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் அப்பா பெட்டியில் எப்படியும் இருக்கும், எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஃபோர்-வீல் டிரைவ் ஒன்று வாங்கியிருக்கிறேன். மணலில் ஓட்டிப் பழக்கமில்லை. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு? மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?
– வாசகர், அபுதாபி

பதில்: தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருப்பீர்கள். மணலில் இறங்குமுன் நாலு டயரையும் 15-க்குக் கொண்டுவாருங்கள். ஆளும் சாமானும் நிறைந்த கனமான வண்டி என்றால் 18. காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் தட்டையாகி மணலில் பரந்து உட்காரும், அதே எடை அதிகப் பரப்பில் விழும், புதையாது. 12-க்குக் கீழே போனால் வேறு ஆபத்து: சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

திரும்பும்போது சாலையில் ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். 15 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். கம்ப்ரெஸர் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டு மாட்டுவதாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது ஃபியூஸைப் போக்கிவிடக்கூடும். நிரப்பும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஓட்டும்போது மூன்று விஷயம். ஒன்று, நிறுத்துவதென்றால் வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்க்க நிறுத்துங்கள். கிளம்பும்போது சரிவே தள்ளிவிடும். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து நீங்களே அணை கட்டிக்கொள்வீர்கள். காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக நிற்கும். இரண்டு, ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காதீர்கள். குறுக்கே திரும்பிய வண்டி உருளும். ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். மூன்று, சரிவில் பக்கவாட்டில் போகும்போது வண்டி வழுக்கத் தொடங்கினால் மேல்நோக்கி இழுக்காமல் கீழ்நோக்கித் திருப்பி மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். மனம் எதிராகத்தான் சொல்லும்.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழன்றதும் அது எஞ்சின் வலுவைக் குறைக்கும், மணலில் அந்த நொடிதான் வலு வேண்டும். உச்சிவெயிலில், அதாவது 12 முதல் 2 வரை, குன்றுக்குள் போகாதீர்கள். நிழல் இல்லாததால் மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. உச்சி விளிம்புக்கு அப்பால் தரை இருக்கிறது என்று நம்பிப் பாய்ந்தவர்கள் வண்டியின் மூக்கை உடைத்துக்கொண்டது இந்த நேரத்தில்தான் அதிகம்.

மாட்டிக்கொண்டீர்கள் என்று தோன்றிய அந்த விநாடியே காலை எடுங்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் வெளியே வரும் என்ற ஆசையில்தான் வண்டி வயிறு தட்டி உட்காரும். எடை மணல்மேல் போய்விட்டால் சக்கரம் காற்றில் சுழல்வது போலத்தான். முதலில் ரிவர்ஸ் முயலுங்கள். வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. அசையவில்லையா, எல்லாரையும் இறக்கிவிட்டு மண்வெட்டியால் வயிற்றின் அடியிலும் போகும் திசையில் நாலு சக்கரத்துக்கு முன்னும் தோண்டுங்கள். காற்றை 12-க்கு இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாக எடுங்கள். வெளியே வந்ததும் மறுபடி 15.

இன்னொரு வண்டி இழுப்பதென்றால் கயிற்றை டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். இழுப்பதற்கென்று சட்டகத்தோடு போல்ட் போட்ட கொக்கி எங்கே என்று வீட்டிலேயே குனிந்து பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது கயிற்றின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

குன்றுகளுக்கு இடையே தட்டையாக, வெள்ளை பூத்துக் கிடக்கும் தரை கண்ணுக்கு நல்ல பாதைபோலத் தெரியும். அது சப்கா, உப்புச் சேற்று நிலம். மேலே அப்பளம்போல ஒரு பொருக்கு, அடியில் சேறு. மணலில் மாட்டினால் அரை மணி, சப்காவில் மாட்டினால் அன்றைய பொழுது.

தனி வண்டியாகப் போகாதீர்கள். காப்பீட்டில் ஆஃப்-ரோடு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். வாடகைக் காருக்குப் பெரும்பாலும் இராது. வரைபடத்தைச் சிக்னல் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998.

கேள்வி: டூரில் துபாய் போகிறோம். டெசர்ட் சஃபாரி சேர்த்திருக்கிறார்கள். எனக்குக் கொடைக்கானல் பஸ்ஸிலேயே வாந்தி வரும். நாங்கள் சைவம். என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது?
– வாசகி, மதுரை

பதில்: பிற்பகல் இரண்டரை, மூன்றுக்கு வந்து அழைத்துப்போவார்கள், இரவு ஒன்பதை ஒட்டித் திரும்புவீர்கள். நடுவில் அரை மணி முதல் முக்கால் மணி வரை குன்றுகள்மேல் வண்டி ஏறி இறங்கும். உங்களுக்கு அதுதான் கஷ்டம். மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே, பாதி வயிற்றுக்கு முடியுங்கள். காலி வயிறும் ஆகாது. கடைசி வரிசை இருக்கையைக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள், தூக்கிப்போடுவது அங்கேதான். வாந்தி மாத்திரை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால் போட வேண்டியது, குமட்டியபின் போட்டுப் பயனில்லை. போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

இதையெல்லாம் விட எளிய வழி, குன்றேற்றம் வேண்டாம், நேராகக் கூடாரத்துக்கு விடுங்கள் என்று பதிவு செய்யும்போதே சொல்லலாம். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும்.

சுடிதார் நல்லது, துப்பட்டாவை அறையிலேயே விட்டுவிடுங்கள். குவாட் பைக் என்ற நாலு சக்கர பைக்கின் சக்கரத்தில் துணி சிக்கினால் கழுத்தை இறுக்கும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். சைவம் என்று முன்கூட்டியே சொன்னால் பருப்பு, ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), சாலட், வெஜ் பிரியாணி என்று ஏதாவது இருக்கும். சுட்டுத் தருவது பெரும்பாலும் இறைச்சி சுட்ட அதே கம்பியில்தான். அது உறுத்தினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். குவாட் பைக், பருந்தோடு படம் எல்லாம் தனிக் காசு. ரமலான் மாதமென்றால் ஆட்டம் பாட்டம் பெரும்பாலும் இராது.

ஒன்று மறக்க வேண்டாம்: பெட்டியில் கசகசா போகக் கூடாது, அரைத்த மசாலாவில் கலந்தும் கூடாது. அந்த நாட்டில் அது தடைசெய்த பொருள். கோடீன், டிராமடால் என்ற வலிமருந்துகள் உள்ள மாத்திரைகளும் முன் அனுமதி இல்லாமல் கூடாது.

கேள்வி: ஒட்டகம், மணற்சறுக்கு, குவாட் பைக். பிள்ளைகளுக்கு எது சரி?
– வாசகர், அஜ்மான்

பதில்: மணற்சறுக்குதான். விழுந்தாலும் மணல்தான். செங்குத்தான பக்கத்தில் சரிவு 30 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும், அதைத் தாண்டி மணல் நிற்காது, தானே சரிந்துவிடும். பலகையின் அடியில் ஒவ்வொரு தடவையும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தேய்க்காத பலகை பாதியில் நின்று பிள்ளை அழும். மழை பெய்து ஈரமாக இருந்தால் அன்று சறுக்காது. சின்னவர்களை உட்கார வைத்து விடுங்கள். அடிவாரத்தில் வண்டித் தடம் இருந்தால் வேறு குன்று தேடுங்கள்.

ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், ஏறியவர் முன்னால் குப்புற வருவார். உட்காரும்போது முன்னங்காலை மடக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். ஆகவே இரண்டு தடவையும் பின்னால் சாய வேண்டும். குவாட் பைக் பெரியவர்களுக்கே ஹெல்மெட்டோடு, தட்டையான வேலிக்குள்தான். உச்சியைத் தாண்டிக் கவிழ்ந்தால் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி மேலே விழும்.

கேள்வி: துபாய் லஹ்பாப் பாலைவனத்தின் சிவப்பு மணலும் எங்கள் ஊர்ச் செம்மணல் மேடான தேரியும் ஒன்றுதானே? இதற்கு எதற்குத் துபாய்?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: நிறத்துக்குக் காரணம் ஒன்றுதான்: மணல்துகளின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. உங்கள் தேரி பனையும் உடைமரமும் முந்திரியும் பிடித்து நிறுத்திய மணல், அடியில் சுனையும் உண்டு. லஹ்பாப் மணல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. தேரியில் மாலை நடை அருமை, அதற்கு விமான டிக்கெட் வேண்டாம்தான். ஆனால் வனத்துறைக் காட்டுக்குள் வண்டி ஏற்றும் எண்ணம் வேண்டாம்.

கேள்வி: குன்றுகளிடையே அடுப்பு மூட்டிக் கோழி சுடலாமா? விறகு அங்கேயே கிடைக்குமா?
– வாசகர், துபாய்

பதில்: விறகு ஒடிக்காதீர்கள். அங்கே தனியாக நிற்கும் காஃப் மரம் நம் ஊர்க் கோயில்களில் சுற்றி வருகிறோமே, அதே வன்னிமரம். அமீரகத்தின் தேசிய மரமும் அதுதான். காய்ந்து கிடக்கும் கிளையையும் விட்டுவிடுங்கள், அதனடியில் பல்லியும் தேளும் குடியிருக்கும்.

கரி கொண்டுபோங்கள், ஒரு கிலோ கோழிக்கு ஒரு கிலோ கரி கணக்கு. காலுள்ள கிரில்லில் மூட்டுங்கள், மணல்மேல் நேராக வேண்டாம். காப்பகப் பகுதிகளில் அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் நெருப்புக் கூடாது. கோழியை முதல்நாளே மசாலாவில் ஊறவைத்து ஐஸ் பெட்டியில் அடியில் வையுங்கள். தீ அடங்கிக் கரிமேல் சாம்பல் வெளுத்தபின் சுடத் தொடங்குங்கள். தீ எரியும்போதே வைத்தால் தோல் கருகும், எலும்போரம் இரத்தம் நிற்கும்.

முடிந்ததும் கரியை மணலில் புதைப்பது பலர் செய்யும் பெரிய தவறு. மேலே மணல் மூடினால் அணைந்ததாகத் தெரியும், உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலையில் வேறு வீட்டுப் பிள்ளை வெறுங்காலோடு அதன்மேல் ஓடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, தகர வாளியில் அள்ளி வாருங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றுகூடப் பறக்க விடாதீர்கள். ஒட்டகம் அதைத் தின்று, வயிற்றில் கல்லுபோல உருண்டு கட்டிச் சாகிறது.

இருட்டியபின் விளக்கை எல்லாம் அணைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். டிசம்பர், ஜனவரியில் எட்டு மணிக்குக் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் மேலே, அதற்குக் கீழே ரோகிணி, இன்னும் கீழே செம்மையாய்த் திருவாதிரை. அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள்.

கேள்வி: ஜூலையில்தான் எனக்கு விடுமுறை. பகலில் போகலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: கூடாது. வெப்பம் 45-ஐத் தாண்டும், மணல் அதைவிட அதிகம் சுடும், வண்டி நின்றுவிட்டால் தோண்டுவதற்கே உடம்பில் தெம்பு இராது. நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள்.