கிச்சன் மேடைக்கு குவார்ட்ஸா கிரானைட்டா? 48,000 ரூபா வித்தியாசத்த என்ன பண்றது

கேள்வி: வணக்கம் சார். காட்பாடி பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம், பூச்சு வேல முடிஞ்சுது. ஹோம் லோன் 22 லட்சம், 8.5%, 20 வருஷம். வீட்டுக்காரர் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில சூப்பர்வைசர். கிச்சன் மேடை எல் ஷேப், ஒரு பக்கம் 11 அடி, இன்னொரு பக்கம் 8 அடி, அகலம் 2 அடி. மாடுலர் கிச்சன்காரர் வெள்ள குவார்ட்ஸ் போடுங்க, லைஃப் லாங் வரும்னு சொல்லி 62,000 கொட்டேஷன் குடுத்திருக்கார், 12 மாசம் ஜீரோ இன்ட்ரஸ்ட் இஎம்ஐயும் இருக்காம். மேஸ்திரி "இன்னாத்துக்கு மா அவ்ளோ துட்டு, கருப்பு கிரானைட்டு போடு, எல்லாம் சேத்து பதினாலாயிரத்துல முட்ச்சி குடுக்கறேன்"னு சொல்றார். மாமியார் பழைய வீட்டுல 30 வருஷமா கடப்பா கல்லு தான், அதுக்கு இன்னா கொறச்சல்னு கேக்கறாங்க. சென்னைல என் தங்கச்சி வீட்டுல குவார்ட்ஸ் போட்டு சூப்பரா இருக்கு, எனக்கும் ஆசை தான். தேவைன்னா வளையல அடகு வெக்கலாமான்னு யோசிக்கறேன். என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம்மா. மொதல்ல வளையல எடுத்து பீரோவுல வைங்க, அத பத்தி அப்புறம் பேச வேண்டிய தேவையே வராது.

உங்க அளவுக்கு கணக்கு போட்டா 11 அடி பக்கம் 22 சதுர அடி, இன்னொரு பக்கத்துல மூலை 2 அடி கழிச்சு 12, ஆக மொத்தம் 34 சதுர அடி, இத ஞாபகம் வெச்சுக்கங்க, ஏன்னா யாராவது 11+8 போட்டு 38னு பில் போட்டா மூலைய ரெண்டு தடவ கணக்கு பண்றாங்கன்னு அர்த்தம், நெறைய பேர் இத கவனிக்கறதே இல்ல. ரெண்டு கொட்டேஷனுக்கும் நடுவுல 48,000 வித்தியாசம். கையில காசு இல்லாம இத லோன்லயே சேத்து வாங்கினீங்கன்னு வைங்க, 8.5%ல 20 வருஷத்துக்கு மாசம் 416 ரூபா தான் வரும், பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா 240 மாசம் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 1 லட்சம் கட்டியிருப்பீங்க. ஒரு கல்லுக்காக.

அந்த ஜீரோ இன்ட்ரஸ்ட்டும் அப்படித்தான், வட்டி இல்லாம எவனும் கடன் குடுக்க மாட்டான், 2013லயே ரிசர்வ் வங்கி பேங்குங்கள கூப்பிட்டு ஜீரோ பர்சென்ட்டுன்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்கும், ஒண்ணு ப்ராசஸிங் ஃபீஸ்ல, இல்லனா வெலையிலயே. கார்டு இஎம்ஐயா இருந்தா அந்த வட்டி மேல ஜிஎஸ்டி வேற தனியா வரும். அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "மொத்தமா இன்னைக்கே ரொக்கமா குடுத்தா எவ்ளோ கொறைப்பீங்க?" அவர் சொல்ற தள்ளுபடி தான் உங்க வட்டி.

சரி, காசு ஒரு பக்கம் இருக்கட்டும், குவார்ட்ஸ் நெஜமாவே கெட்டியான பொருளான்னு பாப்போம், ஏன்னா ரொம்ப நாள் வரும்னா அதிகம் குடுக்கறதுல தப்பில்ல. அது முழுசா கல்லு இல்ல, 90 சதவீதத்துக்கு மேல குவார்ட்ஸ் தூளு, மிச்சம் ரெசின், அதாவது பிளாஸ்டிக் மாதிரி ஒரு பசை. அதனால தண்ணி உறிஞ்சாது, சீலர், அதாவது கல்லு தண்ணி உறிஞ்சாம இருக்க மேல அடிக்கற பூச்சு, அது வேணாம், இது நெஜமான நல்ல குணம். ஆனா அந்த ரெசினுக்கு சூடு ஆகாது, 150 டிகிரி தாண்டினா மஞ்ச படிஞ்சு போகும், சில சமயம் வெடிப்பும் விடும். வட சுடற எண்ணெய் சூடே 180 பக்கம் இருக்கும். அடுப்புல இருந்து வாணலிய எறக்கி நம்ம அப்படியே மேடையில தானே வெக்கறோம், துணிய மடிச்சு கீழ போட்டு வெக்கற பழக்கம் எத்தன வீட்டுல இருக்கு? உங்க வீட்டுல ஞாயித்துக்கிழம பிரியாணி டேக்சா எறங்கற எடம் அதான். அதுக்கு மேல வெள்ள கலர், மஞ்சத்தூள் கறை. தங்கச்சி வீட்டுல சூப்பரா இருக்குங்கறீங்க, போட்டு எத்தன வருஷம் ஆச்சு, வீட்டுல எத்தன பேருக்கு சமைக்கறாங்கன்னும் கேட்டுப் பாருங்க.

(இன்னொன்னு, இந்த குவார்ட்ஸ தண்ணி விடாம காஞ்ச கல்லா அறுக்கும்போது கெளம்பற சிலிகா தூசி வேல செய்யறவன் நுரையீரல்ல போய் சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வருதுன்னு ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லேர்ந்து தடையே போட்டுட்டாங்க. கிரானைட்லயும் அந்த சிலிகா இருக்கு, அளவு கம்மி. எந்த கல்லா இருந்தாலும் பட்டறையில தண்ணி விட்டு அறுத்து கொண்டாரச் சொல்லுங்க, உங்க ஹால்ல வெச்சு மெஷின் ஓட்ட விடாதீங்க.)

கிரானைட்டுக்கு சூடு ஒரு பிரச்சனையே இல்ல, கத்தி கீறாது, புளி எலுமிச்ச ஒண்ணும் பண்ணாது. நம்ம ஊருக்கு இன்னொரு வசதி, இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் ஆந்திரா குப்பம், ரெண்டுமே கிரானைட் வெட்டற ஊரு, லாரி வாடக கம்மி, அதனால தான் மேஸ்திரி சொல்ற வெலைக்கு முடியுது. நல்லா ஒழைக்கற பொருளே வெல கம்மியாவும் கெடைக்கற எடத்துல நம்ம இருக்கோம், இது எல்லா விஷயத்துலயும் அமையாது.

ஆனா மேஸ்திரி சொன்ன "கருப்பு"ல தான் எனக்கு ஒரு சின்ன சண்ட. 2011ல என் வீட்டுக்கு நானும் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஜெட் பிளாக் தான் போட்டேன், கடக்காரன் சதுர அடிக்கு 40 ரூபா கொறச்சு குடுத்தான்னு ஒரே சந்தோஷம் எனக்கு, ஊருக்கே கணக்கு சொல்றவன்ல நானு. மூணு மாசத்துல அடுப்பு பக்கத்துல மட்டும் சாம்பல் கலர்ல ஒரு வட்டம். சாம்பல் கல்லுக்கு கருப்பு சாயம் ஏத்தி வித்திருக்கான். இத கண்டுபிடிக்க ஒரு வெள்ளத் துணியும் நெயில் பாலிஷ் ரிமூவரும் போதும்மா, அசிட்டோன் இருக்கற ரிமூவர். கடையிலயே கல்லு ஓரத்துல நனைச்சு அழுத்தித் தேயுங்க, துணியில கருப்பு ஒட்டுச்சுன்னா அந்தக் கடைய விட்டே வந்துடுங்க. சாயம் போகாத அசல் கருப்பா இருந்தாலும் நம்ம போர் தண்ணிக்கு அது சரிப்படாது. உப்புத் தண்ணி காஞ்ச எடமெல்லாம் வெள்ள வெள்ளயா படியும், குழாய சுத்தி ஒரு வளையம் மாதிரி நிக்கும், அத எடுக்கறேன்னு பாத்ரூம் ஆசிட்ட ஊத்தி பாலிஷ கெடுத்தவங்கள எனக்கே தெரியும். அதனால சாம்பலும் பழுப்பும் கலந்து புள்ளி புள்ளியா இருக்கற கிரானைட் எடுங்க, உப்பும் தெரியாது, சிந்தின ரசமும் தெரியாது. ரொம்ப வெளிர் கலரும் வேணாம். கல்லு மேல நாலு சொட்டு தண்ணி விட்டு பத்து நிமிஷம் கழிச்சு தொடைங்க, அந்த எடம் கருத்து நின்னா தண்ணி உறிஞ்சற கல்லு, சீலர் அடிச்சுத்தான் ஆகணும்.

இப்ப காச எங்க போடணும்னா, கல்லுல இல்ல, கல்ல பொருத்தற வேலையில போடுங்க. மேட உடையறது பூரா சிங்க் வெட்டின மூலையிலயும் அடுப்புக்கு வெட்டின எடத்துலயும் தான், ஏன்னா அங்க கல்லு ஒல்லியா நிக்கும், கீழ தாங்கல் இல்லனா நம்ம ஆளுங்க ஓரத்துல தேங்கா உடைக்கற உடைக்கு ஒரு நாள் விட்டுடும். அதனால சிங்க்கும் ஸ்டவ்வும் வாங்கி கையில வெச்சுக்கிட்டு தான் கல்லு அறுக்கச் சொல்லணும். எல் ஷேப்புல ஒட்டு கட்டாயம் வரும், அது சிங்க் பக்கம் வராம பாத்துக்கங்க. கல்லோட முன் ஓரத்துல அடிப்பக்கமா பென்சில் கனத்துக்கு ஒரு கோடு வெட்டச் சொல்லுங்க, வழியற தண்ணி அங்கயே நின்னு சொட்டிடும், கப்போர்டு கதவுக்குள்ள எறங்காது. கடையில 20 எம்எம்னு சொல்லி 16 எம்எம் தருவாங்க, டேப்ப கையில எடுத்துட்டுப் போங்க. முழு ஸ்லாபுக்கு தான் பில் போடுவாங்க, அப்ப மிச்சத் துண்டும் உங்களுது, கடையில விட்டுட்டு வராதீங்க, பூஜ ரூம் மேடைக்கும் ஜன்னல் அடிக்கும் ஆகும். இதுக்கெல்லாம் மேஸ்திரி சொன்ன 14,000க்கு மேல ஒரு 6,000 கூடக் குடுத்தாலும் தப்பில்ல. அதுல ஒரு 3,000 மட்டும் நிறுத்தி வெச்சு, சிங்க்ல ஒரு வாரம் தண்ணி ஓட்டி கீழ கசியலன்னு பாத்துட்டு குடுங்க.

அப்பவும் 42,000 மிச்சம். உங்க ஹோம் லோன் இஎம்ஐ 19,000 சொச்சம் வரும், ஷூ கம்பெனில ஆர்டர் கொறைஞ்சா ஓவர்டைம் மொதல்ல போகும்னு உங்களுக்கே தெரியும், ஒரு ஆறு மாச இஎம்ஐ, அதாவது 1 லட்சத்து 15 ஆயிரம், கையில இருக்கா? இல்லனா இந்தக் காசு பேங்க்ல அதுக்குத் தான் போகணும். அது ஏற்கனவே இருந்தா லோன்ல முன்கூட்டி கட்டிடுங்க, மாறும் வட்டி ஹோம் லோனுக்கு அதுக்கு அபராதம் போடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி ரூல் இருக்கு.

மாமியார் சொன்னதுல பாதி சரி. கடப்பா சுண்ணாம்புக்கல்லு வகை, புளியும் எலுமிச்சையும் பட்டா பாலிஷ் போயி தழும்பு மாதிரி நிக்கும், அதனால மேல வேணாம். ஆனா மேடைக்குக் கீழ அலமாரிக்கு பிளைவுட் பெட்டி போடறதுக்கு பதிலா கடப்பா பலகைய நிறுத்தி வெளிய கதவு மட்டும் மாட்டிப் பாருங்க, மாடுலர்காரர் கொட்டேஷன்ல பெரிய தொகையே கொறையும், கரையானும் வராது, சிங்க் ஒழுகினாலும் ஊறாது. பழைய வீட்டு மேடைக்கல்ல ஒடைக்காம எடுக்க முடிஞ்சா கொண்டாந்து பின்பக்கம் பாத்திரம் தேய்க்கற எடத்துல போட்டுடுங்க, அவங்களுக்கும் மனசு ஆறும்.