ஆன் சோல்சூ விட்டுக்கொடுத்தவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

தொழிலதிபர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றிய உங்கள் உரையில் தென்கொரியாவின் ஆன் சோல்சூவை மரியாதையோடு குறிப்பிட்டீர்கள். அதன் பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். மருத்துவர், கணினி வைரஸுக்கு மருந்து எழுதியவர், நிறுவனர், பேராசிரியர். அதுவரை எல்லாமே வியப்பாக இருக்கிறது. அரசியலுக்கு வந்த பிறகோ, சோல் மேயர் பதவியை விட்டுக்கொடுத்தார். அதிபர் தேர்தலுக்கு மூன்று முறை வந்து இரண்டு முறை பாதியில் விலகினார். கட்சி தொடங்கினார், இணைத்தார், பிரிந்தார், மறுபடி தொடங்கினார். துணிச்சல் இல்லாத மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவரைப் போன்ற நல்லவர்கள் தங்கள் தொழிலோடு நின்றுகொள்வதுதானே எல்லோருக்கும் நல்லது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

துணிச்சல் இல்லாதவர் என்பதை நான் ஏற்கவில்லை. அவரிடம் பெரிய குறை ஒன்று உண்டு, ஆனால் அது வேறு. அதைப் புரிந்துகொள்ள 1988க்குப் போக வேண்டும்.

அப்போது அவர் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் ஆய்வு மாணவர். லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ் உலகம் சுற்றிக் கொரியாவுக்கும் வந்து, அவருடைய ஃபிளாப்பியிலும் ஏறிவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்து, நீக்கும் நிரல் ஒன்றை அவரே எழுதினார். மருத்துவர் அல்லவா, அதற்கு ‘வேக்சின்’ என்று பெயர் வைத்தார். அதன் பிறகு புதுப்புது வைரஸ்கள் வரவர, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஆறு மணிவரை நிரல் எழுதுவது, பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போவது என்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். 1991இல் மைக்கலாஞ்சலோ வைரஸுக்காக ‘வேக்சின்’ நிரலின் அடுத்த வடிவமான வி3யை முடித்த கையோடு கட்டாய ராணுவ சேவைக்குக் கிளம்பினார். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட மறந்துபோனதாக 2009இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் சொன்னது நாடு முழுக்கப் பரவியது. (அரசியலுக்கு வந்த பிறகு அந்தக் கதையின் விவரங்களைப் பலர் துருவினார்கள். அந்த அதிகாலை உழைப்பு பொய்யில்லை.)

இத்தனை உழைப்பையும் ஏழு ஆண்டுகள் இலவசமாகவே கொடுத்தார். 1995இல் நிறுவனம் தொடங்கியபோதும் நிறுவனங்களிடமும் அரசு அலுவலகங்களிடமும்தான் பணம் வாங்கினார். தனிமனிதர்களுக்கு வி3 இலவசம். அமெரிக்காவின் மெக்காஃபி நிறுவனம் ஒரு கோடி டாலருக்குக் கேட்டபோது மறுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் என்று அழைக்கப்பட்ட சிஐஎச் வைரஸ் கொரியாவில் லட்சக்கணக்கான கணினிகளை முடக்கியது. வைரஸ் தடுப்பு எவ்வளவு அவசியம் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. 2001இல் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனத்தை 2005இல் வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் படிக்கப் போனார். 2011இல் தன் பங்குகளில் பாதியை, அன்றைய மதிப்பில் சுமார் 15,000 கோடி வோன், சமூகத்துக்குத் தருவதாக அறிவித்தார்.

இந்தக் கொடைகள் எல்லாம் அவருடைய சொந்த உழைப்பு, சொந்தச் சொத்து. கொடுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. 2011 செப்டம்பரில் சோல் மேயர் பதவியை விட்டுக்கொடுத்ததையும் இதோடுதான் சேர்ப்பேன். கருத்துக்கணிப்பில் அவருக்கு ஐம்பது சதவீத ஆதரவு, சமூகச் செயற்பாட்டாளர் பார்க் வோன்-சூனுக்கு ஐந்து. அப்படியிருந்தும் பார்க்குக்கு வழிவிட்டார். அப்போது அவர் வேட்பாளராக நிற்பதாகவே அறிவிக்கவில்லை, யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. நாடே நெகிழ்ந்துபோனது.

அந்த நெகிழ்ச்சிதான் அவரைத் தவறான பாடம் படிக்க வைத்தது என்று நினைக்கிறேன். 2012 செப்டம்பர் 19 அன்று அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். கட்சிகளின் மேல் நம்பிக்கை இழந்திருந்த இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். நவம்பர் 23 அன்று எதிர்க்கட்சி வேட்பாளர் மூன் ஜே-இன்னுக்காக விலகினார். சொந்த வயலில் விளைந்த நெல்லைத் தானம் செய்வது வேறு, ஊர் கூடிப் போட்ட சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பது வேறு. அந்த இரண்டு மாதங்களில் அவர் பின்னால் வந்த ஆதரவு அவருடைய சொத்து அல்ல. அவரை நம்பி மற்றவர்கள் கொடுத்து வைத்தது. மூன் அந்தத் தேர்தலில் தோற்றார் என்பது இங்கே முக்கியமில்லை. வென்றிருந்தாலும் இதையே சொல்வேன்.

இடையில் நடந்த கட்சிக் கணக்குகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2016இல் அவருடைய மக்கள் கட்சி 38 இடங்களில் வென்றது. 2017இல் கடைசிவரை களத்தில் நின்று 21 சதவீதம் வாங்கி மூன்றாவதாக வந்தார். ஓடிப்போகிறவர் அவ்வளவு வாங்கித் தோற்கமாட்டார்.

2022தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிப்ரவரி 15 அன்று, திரை பொருத்திய அவருடைய பிரசாரப் பேருந்துக்குள் மின்னாக்கியின் கார்பன் மோனாக்சைடு பரவி இருவர் இறந்தார்கள். பிரசாரத்தை நிறுத்தி இறுதிச் சடங்கில் நின்றவர், இறந்தவரின் எண்ணத்தை நிறைவேற்றுவேன் என்று சொல்லிக் களத்துக்குத் திரும்பினார். மார்ச் 2 இரவு கடைசித் தொலைக்காட்சி விவாதத்தில் மற்றொரு வேட்பாளரான யூன் சுக்-யோலை எதிர்த்துப் பேசினார். நள்ளிரவுக்குப் பிறகு இருவரும் சந்தித்தார்கள். மார்ச் 3 காலை, யூனுக்கு ஆதரவாக விலகுவதாக அறிவிப்பு வந்தது.

இதற்குள் வெளிநாடுகளில் வாழும் கொரியர்கள் வாக்களித்து முடித்திருந்தார்கள். பிப்ரவரி 28 அன்றே அது முடிந்துவிட்டது. தூதரகம் தேடிப் பல மணி நேரம் பயணம் செய்து அவருக்குப் போட்ட வாக்குகள் எல்லாம் செல்லாதவை ஆயின. மார்ச் 9க்கான வாக்குச்சீட்டிலும் அவர் பெயர் அச்சாகித் தயாராக இருந்தது. வெளிநாட்டு வாக்குப்பதிவுக்குப் பிறகு வேட்பாளர் விலகக் கூடாது என்று சட்டம் வேண்டும், அதற்கு ‘ஆன் சோல்சூ தடுப்புச் சட்டம்’ என்று பெயர் வைக்க வேண்டும் என்று அதிபர் மாளிகையின் மனுத் தளத்தில் மக்கள் எழுதினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. யூன் வென்றது வெறும் 0.73 சதவீத வித்தியாசத்தில்.

அதே யூன் 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்தார். ஏழாம் தேதி பதவி நீக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆளும் கட்சியினர் அவையை விட்டு மொத்தமாக வெளியேறினார்கள். காலியான அந்த இருக்கைகளுக்கு நடுவே, இதற்குள் யூனின் கட்சியிலேயே சேர்ந்துவிட்டிருந்த ஆன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு இருவர் திரும்பி வந்தார்கள். ஆளும் கட்சியின் 108 பேரில் வாக்களித்தவர்கள் மூன்றே பேர். மொத்தம் விழுந்தவை 195, குறைந்தது 200 வேண்டும். தீர்மானம் எண்ணப்படாமலே விழுந்தது. ஒரு வாரம் கழித்து 204 பேர் ஆதரவோடு நிறைவேறியது. யூனைப் பதவியில் ஏற்றிய கைகளில் ஆனின் கையும் ஒன்று என்பதால் எனக்கு அந்தக் காட்சி இன்னும் பெரிதாகப் படுகிறது. சொந்தக் கட்சியின் கோபத்தை முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பதற்கு வேண்டிய துணிச்சல் எல்லோரிடமும் இருப்பதில்லை.

நல்லவர்கள் தொழிலோடு நின்றுகொள்ளட்டும் என்கிறீர்கள். மாட்டேன் என்பேன். அன்றைக்கு அவையில் அவர் இல்லாமலிருந்தால் அந்தக் கட்சியில் முதலில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? தொழிலிலிருந்து வருகிறவர், வந்த பிறகு தன் பெயரும் தன் முடிவும் தனக்கு மட்டும் சொந்தமல்ல என்று பழகிக்கொள்ள வேண்டும். ஆனுக்கு அது பிடிபட ரொம்ப நாளாயிற்று.

2025 ஜூலையில் கட்சியைச் சீரமைக்கும் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டு, ஐந்தே நாளில் அவர் விலகியதைச் சேர்த்து, ‘மறுபடியும் விட்டுவிட்டார்’ என்று நீங்கள் எழுதக்கூடும். அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. தேர்தல் தோல்விக்குப் பொறுப்பானவர்கள் மேல் நடவடிக்கை கேட்டார், தலைமை மறுத்தது, வெளியேறினார். அந்தப் பதவிக்கு அவரை அனுப்பியவர்கள் வாக்காளர்கள் அல்ல.