வீட்டுக்கு வராத ஹெட்ச் ஹெட்சி மின்சாரம்

தம்பி, சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சொந்தமாக அணையும் மின்நிலையமும் இருக்கும்போது கரண்ட் பில் ஏன் பிஜி அண்ட் இ என்ற தனியார் மின்சாரக் கம்பெனியிடமிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். குடியுரிமை இல்லாத நமக்கு நகரம் கடன் வாங்கலாமா என்று மக்களிடம் கேட்கும் இந்தக் கடன்பத்திர ஓட்டெடுப்பெல்லாம் எதற்கு என்றும் கேட்டீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவதும் பாதி விளங்கிவிடும்.

யோசெமிட்டி மலையிலுள்ள ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவர, 1910-ல் 4.5 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று நகர மக்களிடம் கேட்டார்கள். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் சரி என்றார்கள். 1913-ல் வந்த ரேக்கர் சட்டம் அணை கட்ட அனுமதி தந்தது. ஆனால் அங்கே எடுக்கும் மின்சாரத்தைத் தனியார் கம்பெனி வாங்கி மறுபடி விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. 1925-ல் மொக்கசின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நகரம் இழுத்து வந்த கம்பியோ விரிகுடாவுக்கு அந்தக் கரையில், நியூவார்க் என்ற ஊரோடு நின்றுபோனது. அங்கிருந்து மின்சாரம் பிஜி அண்ட் இ கைக்குப் போனது.

வீடு வீடாக மின்சாரம் கொடுக்க நகரத்திடம் சொந்தக் கம்பி இல்லை. அதற்குக் கடன் கேட்டு 1927 முதல் 1941 வரை எட்டு முறை ஓட்டெடுப்பு நடத்தினார்கள். எட்டிலும் தோல்வி. இடையில் 1940-ல் உச்ச நீதிமன்றமே, மின்சாரத்தைக் கம்பெனி வழியாக விற்று நகரம் ரேக்கர் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்புச் சொல்லியும் மக்கள் மனம் மாறவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். நீங்கள் ஏறும் மியூனி என்ற நகரப் போக்குவரத்தின் டிராலி பஸ், விமான நிலையம், பொது மருத்துவமனை எல்லாம் அந்த மலை மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. நம் வீட்டு வாசலுக்கு வரும் கம்பி மட்டும் இன்னும் தனியாருடையது. உங்கள் பில்லில் கிளீன்பவர்எஸ்எஃப் என்ற வரி இருந்தால், மின்சாரத்தை வாங்கித் தருவது நகரம், கொண்டுவந்து சேர்ப்பது கம்பெனி என்று அர்த்தம்.

உங்கள் அடுக்குமாடி வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நகரத்தின் சொத்துவரியிலிருந்து அடைக்கும் புதிய கடன்பத்திரச் செலவில் பாதியை உரிமையாளர் உங்கள் தலையில் ஏற்றலாம். அதனால் தேர்தலுக்கு முன் வரும் கனத்த வாக்காளர் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 'ஆம்' என்றால் என்ன, 'இல்லை' என்றால் என்ன, செலவு எவ்வளவு என்று எளிமையாகவே எழுதியிருப்பார்கள். நான் ஓட்டுரிமை வருவதற்கு முன்பே சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் படிப்பேன்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள். குடியுரிமை வரும்வரை 'ஆம்' என்று குறித்துவிடாதீர்கள், கிரீன் கார்டுக்கே ஆபத்து.