கொல்லைப்புறத்தில் பிள்ளைகள் விளையாட: கேள்வி பதில்

வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 30 அடி காலி இடம். 3 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஊஞ்சலும் சறுக்குமரமும் எங்கே வைக்கலாம்?

வாங்குவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். அதுவரை பிள்ளைகளை அங்கே சும்மா விளையாட விடுங்கள். எந்த மூலையில் போய் உட்காருகிறார்கள், மதியம் நிழல் எங்கே விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். உச்சி வெயில் படும் இடத்தில் இரும்புச் சறுக்குமரம் வைத்தால் தொடையைப் பொசுக்கிவிடும்.

ஊஞ்சல் நாம் நினைப்பதைவிட நிறைய இடம் கேட்கும். தொங்கவிடும் கட்டை 7 அடி உயரத்தில் இருந்தால், முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி வெற்றிடம் வேண்டும். 28 அடி அதற்கே போய்விட்டது! மற்ற சாமான்களைச் சுற்றி 6 அடி விட்டால் போதும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ஊஞ்சலை விட்டுவிட்டு, சின்னச் சறுக்குமரம், ஏறி விளையாட ஒரு சட்டம், மண் தொட்டி என்று போவேன்.

கீழே புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. விழுந்தால் அடிபடாது அல்லவா?

அடிபடும். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சாமான்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், தரையைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். மோசமான காயங்கள் பெரும்பாலும் விழுவதால்தான் வருகின்றன. அதனால் தரையைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே, கால் தேயும் இடத்தில், புல் சீக்கிரமே காணாமல் போய்விடும். மிஞ்சுவது இறுகிப்போன மண்.

புல்லுக்குப் பதில் மரச் சில்லுகள் 9 அங்குல ஆழத்துக்கு இருந்தால், 7 அடி உயரத்திலிருந்து விழுவது வரை தாங்கும். மணல் அதே ஆழத்தில் 4 அடிக்குத்தான் தாங்கும், நனைந்தால் இன்னும் கெட்டியாகிவிடும். எதைக் கொட்டினாலும் நாளாக நாளாக அமுங்கும் என்பதால் முதலில் 12 அங்குலம் கொட்டுங்கள். ஓரத்தில் கட்டை வைத்து அணை கட்டாவிட்டால் பாதி சில்லு தோட்டத்துக்குப் போய்விடும். சிமென்ட் தரைமேல் கொட்டவே வேண்டாம், பிள்ளைகள் காலால் ஒதுக்கினால் சிமென்ட் வெளியே வந்துவிடும்.

அப்புறம் அவ்வப்போது கையை நேராக உள்ளே விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு தாண்டி இறங்க வேண்டும். சறுக்குமரத்தின் அடியில்தான் பள்ளம் விழும், அங்கே வாரி நிரப்புங்கள்.

குட்டிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானே சறுக்கலாமா?

வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள். குழந்தையின் ஷூ பக்கச் சுவரில் உரசி நின்றுவிடும், ஆனால் உங்கள் எடை கீழே இழுத்துக்கொண்டே போகும். அந்த வேகத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. தனியாகச் சறுக்கும்போது கால் மாட்டினால், குழந்தையின் எடை குறைவு என்பதால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். தனியாகச் சறுக்க முடியாத குழந்தைக்கு அந்தச் சறுக்குமரம் பெரிது.

மண் தொட்டியில் பூனை அசுத்தம் செய்கிறது.

மூடி போடுங்கள், விளையாடாத நேரமெல்லாம் மூடியே இருக்கட்டும். பூனைக் கழிவிலிருந்து புழு முட்டைகள் மண்ணில் கலக்கும், அதனால் இப்போது இருக்கும் மண்ணை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் வாங்கி வைத்தோம். நாலு நாளில் சலித்துவிட்டது. செங்கல்லையும் பழைய பலகையையும் வைத்து விளையாடுகிறார்கள்.

அது நல்ல செய்தி! டென்மார்க்கில் கார்ல் தியோடர் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் அமைத்த பூங்காக்களைவிடக் கட்டுமான இடங்களில் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதைக் கவனித்தார். 1943-இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய சாமான்களைக் கொண்டே ஒரு விளையாட்டிடம் உருவானதற்கு அவருடைய அந்த யோசனைதான் காரணம்.

சறுக்குமரத்தில் சறுக்கத்தான் முடியும். பலகை இன்று பாலம், நாளைக்குக் கடை. ஆணி பிடுங்கிய பலகை, வாளி, பழைய போர்வை, டயர் எல்லாம் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். டயரில் நாலைந்து துளை போட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு வராது. தண்ணீரும் கொடுங்கள், ஆனால் கூடவே இருங்கள். சில அங்குலத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடும், வாளியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் உள்ளே போகவேண்டும். அவர்கள் கட்டியதை மட்டும் மாலையில் கலைத்து அடுக்கிவிடாதீர்கள், விளையாட்டு மறுநாளும் தொடரும்.

தச்சரை வைத்து மர வீடு கட்டுகிறோம். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கம்பிக்கும் கம்பிக்கும், படிக்கும் படிக்கும் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் 9 அங்குலத்துக்கு மேல். இடைப்பட்ட அளவில் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். துருத்தும் போல்ட் எல்லாவற்றுக்கும் மூடி கேளுங்கள். ஸ்கிப்பிங் கயிற்றை மர வீட்டில் கட்ட விடாதீர்கள். சைக்கிள் ஹெல்மெட்டோடு ஏறவும் விடாதீர்கள், வார் கழுத்தை இறுக்கிவிடும்.

சுற்றிலும் அரளி வைக்கலாமா?

கூடாது. அரளி முழுச்செடியும் விஷம். ஊமத்தையும் ஆமணக்கும் தானாக முளைத்தாலும் பிடுங்கிவிடுங்கள்.

என் மகள் தோட்டத்து மரத்தில் ஏறுகிறாள். தடுக்கவா?

தடுக்காதீர்கள், தூக்கியும் ஏற்றிவிடாதீர்கள். தானாக எட்டும் கிளை வரைக்கும் போகட்டும். காய்ந்த கிளைகளை வெட்டிவிட்டு, அடியில் கல்லோ வேலிக் கம்பியோ இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.