கேளுங்கள், சொல்கிறோம்: ஆட்டக்களமும் துப்பாக்கியும்

ஐஸ் ஹாக்கியில் வீரர்கள் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் குத்திக்கொள்கிறார்கள், நடுவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இதைப் பார்த்து வளர்கிற சமூகத்தில் துப்பாக்கிச் சூடு நடப்பதில் என்ன ஆச்சரியம்?
– ஹாக்கி ரசிகர், லாஸ்பேட்டை

வேடிக்கை பார்ப்பதில்லை. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் சண்டை போட்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஒருவர் கீழே விழும்வரை துணை நடுவர்களான லைன்ஸ்மேன்கள் ஒதுங்கி நிற்கக் காரணம், இடையில் புகுந்தால் அவர்களுக்கும் குத்து விழும் என்பதுதான்.

அந்த லீக்கில் அமெரிக்க அணிகளும் கனடா அணிகளும் ஒரே விதியில் ஆடுகின்றன. டெட்ராய்ட் ரசிகர் பார்க்கும் அதே சண்டையைத்தான் டொரான்டோ ரசிகரும் பார்க்கிறார். ஆனால் மக்கள்தொகை விகிதத்தில் கனடாவின் துப்பாக்கி மரணங்கள் அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. கனடா ரசிகர்கள் சாதுக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மான்ட்ரியால் நட்சத்திர வீரர் மாரிஸ் ரிச்சர்டைத் தடை செய்ததற்காக 1955 மார்ச் 17 அன்று மான்ட்ரியாலில் கலவரம். பாஸ்டனிடம் லீக்கின் ஸ்டான்லி கோப்பையைத் தோற்ற 2011 ஜூன் 15 இரவு வான்கூவரில் கார்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டிலும் யாரும் சுட்டுக் கொல்லப்படவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 2024 பிப்ரவரி 14 அன்று நடந்தது அமெரிக்கக் கால்பந்து அணியின் வெற்றி ஊர்வலம், அதாவது எல்லோரும் சந்தோஷமாக இருந்த நாள். கூட்டத்தில் சிலருக்குள் வாய்த்தகராறு வந்தது, அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயம். நூற்றுக்கணக்கான போலீசார் அங்கேயே நின்றிருந்தார்கள்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அதை எந்த ஆட்டத்தின் கணக்கில் எழுதுவீர்கள்? ரசிகனின் ஆத்திரம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்த நேரத்தில் கைக்கு என்ன அகப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

விளையாட்டு வீரர்கள் துப்பாக்கிச் சட்டம் பற்றியெல்லாம் கருத்துச் சொல்லலாமா?
– கல்லூரி மாணவி, நெல்லித்தோப்பு

சொல்லலாம். எப்போது, யாரோடு சேர்ந்து என்பதையும் பார்க்க வேண்டும். மான்ட்ரியால் கோல்கீப்பர் கேரி பிரைஸ் 2022 டிசம்பர் தொடக்கத்தில் வேட்டைத் துப்பாக்கியுடன் தன் படத்தைப் போட்டு, கனடா அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவான சி-21ஐ எதிர்த்தார். காட்டுப்பகுதியில் வேட்டையாடி வளர்ந்தவருக்கு அந்தக் கருத்து இருப்பதில் தவறில்லை. ஆனால் 1989 டிசம்பர் 6 அன்று அதே மான்ட்ரியாலின் பாலிடெக்னிக் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவுநாளுக்குச் சில நாள் முன்பு வந்தது பதிவு. அவர் ஆதரித்த துப்பாக்கி உரிமை அமைப்போ, தன் பொருள்களுக்கான தள்ளுபடிக் குறியீடாக ‘பாலி’ என்ற சொல்லையே வைத்திருந்தது. அணி நிர்வாகம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ரசிகர் அவர் தடுத்த கோல்களுக்குக் கைதட்டலாம், இதற்கு முகம் சுளிக்கலாம். இரண்டையும் ஒரே ஆள் செய்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் மாவட்ட அளவில் ஹாக்கிப் போட்டி நடத்துகிறோம். இறுதி ஆட்டத்துக்கு 2,000 பேர் வரலாம். பார்வையாளர் பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?
– போட்டிக் குழு, கடலூர்

முதல் ஆபத்து பந்து. எடை 156 முதல் 163 கிராம். நல்ல டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி எறிவது) மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை மட்டையால் ‘அடித்தால்’ பந்து 460 மி.மீ. பலகை உயரத்துக்குள் கோல்கோட்டைக் கடக்க வேண்டும். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் குறி தப்பிய ஃபிளிக் 2.14 மீட்டர் குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்து பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குப் போகிறது.

கோல்கோட்டிலிருந்து 5 மீட்டர் வரை யாரும், எதுவும் இருக்கக் கூடாது. அதற்குப் பின்னால் வலை. கோலுக்கு முன்னுள்ள வளைவுக் கட்டமான ‘டி’யின் அகலம் கிட்டத்தட்ட 33 மீட்டர், வலையும் அவ்வளவு நீளமாவது வேண்டும், உயரம் 5 மீட்டர். முதுநகர் துறைமுகப் பக்கம் மீன்வலை கிடைக்கும். முறுக்கு நைலான் நூலில், 45 மி.மீ. கண்ணிக்கு மேல் போகாமல் கேட்டு வாங்குங்கள். ஒற்றை இழை நரம்பு வலை வேண்டாம்: கண்ணுக்குத் தெரியாது, ஓடி வந்து மோதுகிற வீரரை அறுத்துவிடும். வெயிலில் வெளுத்த பழைய வலையை விரலால் இழுத்துப் பாருங்கள், நூல் பிய்ந்தால் விட்டுவிடுங்கள். கட்டும்போது விறைப்பாக இழுக்காதீர்கள். தொய்வு இருந்தால்தான் பந்தின் வேகத்தை வலை வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் பந்து திரும்பிக் களத்துக்குள் பாயும். அடிப்பக்கத்தில் ஒரு முழம் தரையில் படுத்திருக்கட்டும், அதன்மேல் மணல் மூட்டை. பலரும் விடுகிற தவறு இந்த அடிப்பக்கம்தான்.

இரண்டாவது ஆபத்து வாசல். பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று 11 பேர் நெரிசலில் இறந்தது மைதானத்துக்குள் அல்ல, வாயில்களுக்கு வெளியே. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலம் நிமிடத்துக்கு 82 பேரை வெளியேற்றும் என்பது பிரிட்டன் மைதான வழிகாட்டியின் கணக்கு. எட்டு நிமிடத்தில் 2,000 பேர் வெளியேற மூன்று மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டு மீட்டர் வாசல் மூன்று வைத்தால், ஒன்று அடைபட்டாலும் சமாளிக்கலாம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை பூட்டு தொங்கக் கூடாது. வாசல் முன் பைக் நிறுத்தவிடாமல் ஓர் ஆளை நிறுத்துங்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் நம் ஊரில் ஆள் கிடைப்பதில்லை.

ரசிகர் தகராறு பெரும்பாலும் நடுவர் தீர்ப்பில் தொடங்கும். மைக்கில் பேசுபவர் அட்டையின் காரணத்தை உடனே சொல்லட்டும்: பச்சை என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5, இன்ன குற்றத்துக்கு. நடுவரின் பெயரை மட்டும் அப்போது சொல்ல வேண்டாம். நடுவர்கள் வெளியேறும் வழி ரசிகர் பக்கமாக இருக்கக் கூடாது.

கால்பந்து இறுதி ஆட்டத்துக்குக் கடற்கரையில் பெரிய திரை வைக்கிறோம். கோல் விழுந்தால் சரவெடி போடலாமா?
– இளைஞர் மன்றம், குருசுக்குப்பம்

கூடாது. வெடிச்சத்தத்தைத் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துக் கூட்டம் மிரளலாம். 2017 ஜூன் 3 அன்று இத்தாலியின் டூரின் சதுக்கத்தில் இப்படித்தான் திரை வைத்து யுவென்டஸ் ஆட்டத்தைப் பார்த்தார்கள். திருட வந்த கும்பல் கண்ணெரிக்கும் ‘பெப்பர் ஸ்ப்ரே’யைத் தெளித்தது. தாக்குதல் என்று நினைத்துக் கூட்டம் ஓடியது. 1,500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், சிலர் பின்னர் இறந்தார்கள். துப்பாக்கியும் இல்லை, குண்டும் இல்லை. பலரை அறுத்தது தரையில் உடைந்து கிடந்த கண்ணாடிப் பாட்டில்கள். புதுச்சேரியில் பாட்டிலே வராத கூட்டம் என்று கனவு காண வேண்டாம். நுழையும் இடத்தில் பீப்பாய் வைத்துக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, உள்ளே காகிதக் குவளையில் தண்ணீர் கொடுங்கள். திரை அணைந்தாலும் எரியும்படி விளக்குக்கும் மைக்குக்கும் தனி ஜெனரேட்டர் வேண்டும். பதற்றம் வந்தால் இருட்டும் மௌனமும்தான் முதலில் ஆளைக் கொல்லும்.

நெரிசலில் சிக்கினால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். விழுந்த செருப்புக்கோ போனுக்கோ குனியாதீர்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், தள்ளல் ஓயும் கணத்தில் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள்.

வட மாநிலங்களில் கோப்பை ஜெயித்தால் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்களே, மேலே போகிற குண்டு யாரை என்ன செய்யும்?
– வியாபாரி, வில்லியனூர்

கீழே வரும். நேராகச் சுட்ட ரைஃபிள் குண்டு திரும்பும்போது விநாடிக்கு 60 முதல் 90 மீட்டர் வேகம் இருக்கலாம். மண்டையோட்டுக்கு அது போதும். சாய்வாகச் சுட்டால் இன்னும் மோசம், அது இன்னும் அதிக வேகத்தோடு எங்கோ ஒரு மொட்டைமாடியில் இறங்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்தின் 25(9) பிரிவில், பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டத்தில் சுடுவது தனிக் குற்றம்: இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது இதற்குச் சாக்காகாது.

சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடை போட ஆசை. அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

0.177 அங்குல (4.5 மி.மீ.) துளைக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் இருக்கிற ஏர் கன்னுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. கடைக்கு உள்ளாட்சி அனுமதி வேறு. விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிட வேண்டாம், ஈயக் குண்டு ஒரு கண்ணை முழுதாக எடுத்துவிடும். வெறும் பலகையில் பலூன் குத்தினால் குண்டு தெறித்துச் சுட்டவர் பக்கமே வரும். பலகைக்கு முன் கனமான சாக்குப் படுதாவைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பலூன்களை அதில் கட்டுங்கள். குண்டு அங்கேயே விழுந்துவிடும். துப்பாக்கியைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வையுங்கள், குழாய் பக்கவாட்டில் திரும்ப முடியாத நீளத்தில். குண்டு போடுகிற வேலை உங்களுடையது, சுட வந்த பையனுடையது அல்ல.