பின்பக்கத்துப் பெயர்கள்

அன்புள்ள அண்ணைக்கு,

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட ஒரு குடியேற்றக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். முன்பள்ளி ஆசிரியை. சபையில் ஞாயிறு பாடசாலையும் நான்தான் எடுக்கிறேன். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக வரச்சொல்லிக் கேட்கிறார்கள். பழைய தலைவி மகனோடு கனடா போய்விட்டா. ஜனாதிபதி மாறி, பாராளுமன்றம் மாறி, பிரதேச சபையும் மாறி, எல்லாமே புதிதாக இருக்கிற நேரம். இப்படியான மாற்றகாலத்தில் விசுவாசிகள் தலைமைக்கு வரலாமா, அல்லது கர்த்தர் தெளிவாக அழைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? மோசேக்குப் பிறகு யோசுவாவுக்குக் கிடைத்ததுபோல ஒரு அடையாளம் வேண்டாமா? பெண் தலைமை வேதத்துக்கு ஒத்துவராது என்று எங்கள் மூப்பர் ஒருவர் சொல்கிறார். தலைமைத்துவம் பற்றி நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.

(சங்கத்தில் ஒரு பிரச்சினையும் உண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து வந்து மேட்டுக்காணியில் இருக்கிற குடும்பத்து அம்மா ஒருவர், ஒவ்வொரு கூட்டத்திலும் பட்டியல் சரியில்லை என்று முறுமுறுத்துக்கொண்டே இருப்பார். அவரைச் சமாளிக்க எனக்குப் பெலன் கிடைக்க ஜெபியுங்கள்.)

பெயர் போட வேண்டாம்.

*

அன்புத் தங்கச்சி,

மூப்பரை முதலில் முடித்துவிடுவோம். நியாயாதிபதிகள் நாலாம் அதிகாரத்தைத் திறந்து, தெபொராள் பேரீச்சமரத்தடியில் இருந்து இஸ்ரவேலரை நியாயம் விசாரித்ததை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கதைத்தால், அவர் வீட்டு அஸ்வெசும (அரச உதவிப்பணம்) படிவத்தை நிரப்பி அதற்காக வரிசையில் நின்றது யார் என்று மட்டும் கேளுங்கள். புத்தகமா? என்னிடம் அலுமாரியில் ஒரு தட்டு நிறையத் தலைமைத்துவக் கையேடுகள் கிடக்கின்றன. கருத்தரங்குக்குப் போனால் பை, பேனை, கொப்பியோடு அதையும் சேர்த்துத் தருவார்கள். மதியம் கோழிச்சோறும் உண்டு. அதில் ஒன்றைக்கூட உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அடையாளம் கேட்டதற்கு ஏசத்தான் வேண்டும். ஊர்ப் பெண்கள் வாசலுக்கு வந்து, நீ வா பிள்ளை என்று கேட்டிருக்கிறார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு மோசேக்கு எரிந்ததுபோல முட்செடி எரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்களா? யோசுவா திடீரென்று வானத்திலிருந்து விழுந்தவன் இல்லை. எத்தனையோ வருடம் மோசேயின் ஊழியக்காரனாக நின்றவன். நீங்களும் இவ்வளவு காலமாக ஊர்ப்பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தாய்மார் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

மாற்றகாலம் என்கிறீர்கள். வன்னியில் மாறாத காலம் என்று ஒன்று எப்போது இருந்தது? 1995 கடைசியில் யாழ்ப்பாணமே பெயர்ந்தது, அதில் கனபேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1997 இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது இனி எல்லாம் சரி என்றார்கள். அப்புறம் 2009, கடைசி யுத்தம். அமைதியான காலம் வரட்டும், பிறகு பொறுப்பெடுக்கலாம் என்று இருந்திருந்தால் இங்கே ஒரு சங்கக்கடைகூடத் திறந்திருக்காது.

சரி, இனி நான் பதில் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்தது, போனால் போகட்டும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த மூன்று வரி. அந்த அம்மாவைச் சமாளிக்க ஜெபம் கேட்கிறீர்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் அவரைச் சமாளிப்பதற்காக ஜெபிக்க மாட்டேன்.

ஞாயிறு பாடசாலை எடுக்கிற உங்களுக்கு அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் ஸ்தேவான் கல்லெறியுண்டதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அவர் எந்த வேலைக்குத் தெரிவானவர் என்பதை விட்டுவிடுகிறோம். எருசலேமில் சபை பெருகுகிறது. உண்மையான மாற்றகாலம் அதுதான். நேற்றுவரை ஒரு மேல்வீட்டு அறைக்குள் இருந்தவர்கள் இன்றைக்கு ஆயிரக்கணக்கில். தினமும் விதவைகளுக்குச் சாப்பாடு பகிர்கிறார்கள். கிரேக்கம் பேசுகிற யூதர்களின் விதவைகள் அதில் விடுபட்டுப் போகிறார்கள். உடனே முறுமுறுப்பு. வேதத்தில் இருக்கிற சொல்லும் அதுதான்: முறுமுறுத்தார்கள். நீங்கள் அந்த அம்மாவைப் பற்றி எழுதிய அதே சொல்.

அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? முறுமுறுக்கிறது பாவம் என்று ஒரு பிரசங்கம் வைத்திருக்கலாம். எங்கள் ஆட்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள், இரண்டு நாள் உபவாசமும் போட்டு. அவர்களோ முழுச் சபையையும் கூப்பிட்டு, ஏழு பேரை நீங்களே தெரியுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். கடைசி ஆள் பிறப்பால் யூதன்கூட இல்லை, யூத மதத்துக்கு மாறிய அந்தியோகியா ஊரான். மற்றப் பக்கமான எபிரெயரிலும் கிரேக்கப் பெயர் வைத்தவர்கள் இருந்தார்கள் என்று இறையியல் கல்லூரியில் படித்த தம்பிமார் எனக்கு மின்னஞ்சல் போடுவார்கள். தெரியும் தம்பி. ஏழுக்கு ஏழுமா? எந்தப் பக்கம் குறை சொன்னதோ, அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே களஞ்சியத் திறப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். கரண்டி பிடிக்கிற வேலைக்கு அவர்கள் கேட்ட தகைமையையும் பாருங்கள்: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம்.

2009 இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் நாங்கள் இருந்த வரிசையில் ஒரு அன்ரி இருந்தா. பரந்தன் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில் பாலர் வகுப்பு எடுத்தவ. இரண்டு மகன்மாரில் ஒருவன் வரவில்லை. ஒரு தறப்பாளுக்குள் இரண்டு மூன்று குடும்பம் கிடந்த காலம். பதிவுக்கு ஆட்கள் வருவார்கள். தறப்பாளுக்குள் அந்த நேரம் இருக்கிற தலையைத்தான் எண்ணுவார்கள். தண்ணீர் பவுசருக்கு முன்னால் வாளியோடு நிற்கிறவள் கணக்கில் வரமாட்டாள். காயப்பட்ட பிள்ளையோடு வவுனியா ஆஸ்பத்திரியில் நிற்கிற தாயும் வரமாட்டாள். பெயர் இல்லையென்றால் அடுத்த கிழமை பருப்பும் மாவும் இல்லை.

அன்ரியிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பேனை தொலையாமல் இருக்க, சட்டைக்கரையில் பிரித்த நூலால் கொப்பியோடு கட்டியிருந்தா. முன்பக்கத்தில் தறப்பாள் இலக்கமும் பெயரும். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்தில் வேறொரு பட்டியல்: பதிவு நேரம் இல்லாதவர்கள், ஏன் இல்லை, எப்போது வருவார்கள். "கிணத்தடி", "பிரசவம்", "தம்பியைத் தேடப் போனது" என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு குறிப்பு. பருப்புத் தண்ணீர் பட்டு சில வரிகள் கரைந்திருந்தன, அவற்றுக்கு மேலேயே திரும்ப எழுதியிருந்தா. பின்பக்கத்தில் இருக்கிற பெயரெல்லாம் முன்பக்கத்துக்கு ஏறும்வரை வருகிற உத்தியோகத்தரை விடமாட்டா. ஏசுவா, கெஞ்சுவா, பின்னாலேயே நடப்பா.

எங்கள் வரிசையில் அவவோடு தினமும் சண்டை பிடிக்கிற ஒரு மனிசி இருந்தா. மலையகத்திலிருந்து 1977 கலவரத்தோடு வந்த குடும்பம். உன் சபை ஆட்களுக்குத்தான் முதலில் கிடைக்கிறது என்று சத்தம் போடுவா. ஒரு நாள் பால்மா வந்தபோது அன்ரி அந்த மனிசியைக் கூப்பிட்டு, இந்தா நீ பிரி, நான் பெயர் வாசிக்கிறேன் என்று கரண்டியைக் கையில் கொடுத்தா. அதோடு சண்டை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். சண்டை நடந்தது, ஆனால் கணக்கைப் பற்றி நடந்தது. அந்த மனிசி எண்ணிப் பிடித்ததில் எங்கள் வரிசையில் இன்னும் மூன்று பேர் விடுபட்டிருந்தார்கள். அன்ரி கொப்பியைத் திருப்பி எழுதினா. மாலையில் ஜெபக்கூட்டத்துக்கு நாங்கள் போய் உட்கார்ந்தாலும், அன்றைய பெயர்கள் சரிவரும்வரை முதல் பாட்டைத் தொடங்கவிடமாட்டா.

வன்னியில் விசுவாசிகளின் தலைமை என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கொப்பி. அடுத்தது ஒரு கழித்தல் கணக்கு. போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தபோது, மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அந்தக் குழுவுக்கு முன்னால் வைத்தது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகக் கணக்குப்படி 2008 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்த சனம் 429,059. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் என்று ஐ.நா. சொன்னது 282,380. ஆயர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு எண்ணைக்கூட அவர் தன் கையிலிருந்து போடவில்லை. அந்தத் தொகையைப் பற்றி இன்றைக்கும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். 2021 ஏப்ரலில் அவர் மறையும்வரை பதில் வரவில்லை. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பேருந்தில் ஏறிப்போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவரும் திரும்பவில்லை. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் வேறு என்று உங்கள் மூப்பர் சொன்னால், ஷெல் விழுந்தபோது பங்கருக்குள் யாரும் சபை கேட்டு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இப்போது உங்கள் சங்கத்து அம்மா. மேட்டுக்காணி என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! இரணைமடுத் தண்ணீர் வாய்க்கால் வழியே யாருடைய வயலுக்குப் போகிறது, யாருடைய வளவுக்கு ஏறவே ஏறாது என்று உங்களுக்குத் தெரியும். 1958 கலவரத்திலும் 1977 கலவரத்திலும் அடிபட்டு வந்தவர்கள் காடு வெட்டினார்கள். அடுத்தவரின் வயலில் கூலிக்கு நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள். கனபேருக்குக் காணிப் பெர்மிட் வராமலே ஒரு தலைமுறை போய்விட்டது. போரில் அவர்களின் பிள்ளைகளும் செத்தார்கள். பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது காணிக்குப் பத்திரம் காட்டு என்றார்கள். எங்கள் சபைகளைப் பார்த்தால், பாட்டுக்குழுவில் அவர்கள் இருக்கிறார்கள், சிரமதானத்தில் இருக்கிறார்கள், நிர்வாகக்குழுவில் எத்தனை பேர்? கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, கலியாணப் பேச்சு வந்தால் "அவை எந்தப் பக்கம்?" என்று கேட்கிற ஆட்கள்தானே நாங்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் தங்கச்சி. கோபம் வந்தால் வரட்டும்.

பட்டியல் சரியில்லை என்கிறார் அவர். சரியில்லையா என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவர் எப்படிக் கதைக்கிறார் என்பது இருக்கிறது, எதைக் கதைக்கிறார் என்பது இல்லை. எந்தப் பட்டியல்? கோழிக்குஞ்சு கொடுத்த பட்டியலா, சுழற்சிக் கடன் பட்டியலா, கிணறு துப்புரவாக்க வந்த காசா? தலைமைக்கு ஆயத்தமாவது எப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள், அவரோ ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பொறுப்பை எடுங்கள். எடுக்கும்போது பழைய தலைவியின் கொப்பிகளையும் வங்கிப் புத்தகத்தையும் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எண்ணி, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அவ கனடாவில் இருக்கிறா என்பது சாட்டில்லை. யாரிடமோ விட்டுவிட்டுத்தான் போயிருப்பா. முதல் கூட்டத்துக்கு முன் மேட்டுக்குடியிருப்புக்கு ஒரு பின்னேரம் சைக்கிளில் போங்கள். பைபிளைக் கொண்டுபோக வேண்டாம், கொப்பியும் பேனையும் போதும். அந்த அம்மாவின் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். எந்தெந்த வீடு விடுபட்டது என்று கேட்டு எழுதுங்கள், பிறகு சங்கத்துப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அவர் சொன்னதில் பாதி பிழையாகவும் இருக்கலாம். அதையும் அவருக்கு முன்னாலேயே சொல்லலாம்.

பொருளாளர் பதவிக்கு ஆள் தேடுவீர்கள். அவருடைய பெயரை நீங்களே முன்மொழியுங்கள். எனக்கு எழுதப் படிக்க வடிவாகத் தெரியாது, என்னை விடுங்கள் என்பார். உங்கள் முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் அக்கா யாராவது உயர்தரம் படிப்பாள், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். காசை எண்ண அவருக்குத் தெரியும்.