ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஹாண்டெல், அந்தப் பக்கம் ஹெண்ட்ரிக்ஸ்

கேள்வி: பழைய நகரத்து வரிசை (டெரஸ்) வீடுகளில், 'அட, இங்கே இவரா குடியிருந்தார்!' என்று உங்களை நிற்கவைத்த வீடு எது?

ஒன்றில்லை, இரண்டு. லண்டன் மேஃபேர் பகுதி, புரூக் தெரு, 23ஆம் எண்ணும் 25ஆம் எண்ணும். (நமக்கு டெரஸ் என்றால் மொட்டை மாடி. லண்டனில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைக்குத்தான் அந்தப் பெயர்.) இரண்டுமே 1720களின் தொடக்கத்தில் எழுந்த செங்கல் வீடுகள், முகப்பு குறுகல், மாடிகள் அதிகம், ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

25ஆம் எண்ணில் முதன்முதலில் குடிவந்தவர் இசையமைப்பாளர் ஹாண்டெல். வருடம் 1723, வயது 38. ஜெர்மனியில் பிறந்தவர், அயல்நாட்டவர் வீடு வாங்க அன்றைய சட்டம் விடவில்லை. 1727இல் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அப்புறமும் வாங்கவில்லை! 1759இல் அங்கேயே கண்மூடும்வரை வாடகைக்குத்தான் இருந்தார். பாடகர்களை வீட்டுக்கே வரவழைத்து ஒத்திகை நடத்துவார். ஏசுவைப் பற்றிய தன் புகழ்பெற்ற இசைப் படைப்பான 'மெசையா'வை 1741இல் 24 நாளில் எழுதி முடித்ததும் இந்த வீட்டில்தான்.

1968இல் பக்கத்து 23இன் உச்சி மாடிக்குக் காதலியோடு குடிவந்தார் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். வாடகை வாரத்துக்கு 30 பவுண்ட். கம்பளம், திரைச்சீலை எல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஜான் லூயிஸ் கடையில் வாங்கினாராம். மேடையில் கிதாருக்குத் தீ வைத்த மனிதர் திரைச்சீலைக்குத் துணி பார்த்து நிற்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஹாண்டெல் வாழ்ந்த இடம் என்று தெரிந்ததும் கடைக்குப் போய் 'மெசையா' உட்பட அவருடைய இசைத்தட்டுகளை வாங்கி வந்திருக்கிறார். ஒரு வருடம்கூட அங்கே முழுதாக இருக்கவில்லை.

2001இல் ஹாண்டெல் வீடு அருங்காட்சியகமானபோது, ஹெண்ட்ரிக்ஸின் அறைகளை அலுவலகமாகத்தான் வைத்திருந்தார்கள். 2016இல்தான் பழையபடி ஆக்கித் திறந்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் படுக்கையறைதான். ஹாண்டெல் பக்கம் எல்லாம் மரியாதையாக அடுக்கிவைத்தது போல இருந்தது. இங்கே ஆள் இப்போதுதான் சிகரெட் வாங்க இறங்கிப் போனது போல.

ஹாண்டெலின் ஆவியைக் கண்ணாடியில் பார்த்ததாக ஹெண்ட்ரிக்ஸ் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. சரி, பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஹாண்டெல் இருந்தது 25இல். பாவம், நடுச்சுவரைத் தாண்டியல்லவா வந்திருக்க வேண்டும்!